தலையாட்டும் வியாபாரி!

சந்தையில பேரம் பேசித் தோத்துப்போனவங்களை நீங்க நிறையப் பார்த்திருப்பீங்க. கம்ப்யூட்டர் பொம்மைகிட்ட பேரம் பேசித் தோத்துப்போனவங்களைப் பார்க்கணுமா? எங்க லேடீஸ் ஹாஸ்டலுக்கு வாங்க. தினம் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் என் ரூம் வாசல்ல ரெண்டு பேராவது நிப்பாங்க. "அக்கா, அந்த மூக்கன் கடையே திறக்க மாட்டேங்கிறான்", "அக்கா, நேத்து வரைக்கும் அஞ்சு கல்லு சொன்னவன் இன்னிக்கு ஒன்பது கேக்குறான்"னு ஒரே புகார் மழை! ஃபைனல் இயர் மேத்ஸ் ஸ்டூடன்ட்டான எனக்கு ஜூனியர்ஸ் வெச்சிருக்கிற பட்டப்பேரு 'வி.ஏ.ஓ.' கிராமத்துப் பிரச்னைன்னா வேற யார்கிட்ட போறது?

மேட்டர் என்னன்னா, மைன்கிராஃப்ட்! எல்லாமே சதுரக் கட்டையா இருக்கிற அந்த உலகம்தான். மரத்தை வெட்டலாம், மலையைக் குடையலாம், வீடு கட்டலாம். இதைத்தான் செய்யணும்னு யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. 2011 நவம்பர்ல முழுசா ரிலீஸ் ஆன இந்த கேம், 2023-ல 30 கோடி காப்பி வித்தாச்சுன்னு கம்பெனியே அறிவிச்சது. உலகத்துலயே அதிகமா வித்த வீடியோ கேம் வரிசையில இதுக்கு எப்பவும் முன்வரிசை ஸீட்தான்.

அந்த உலகத்துல அங்கங்கே கிராமங்கள் உண்டு. நீள மூக்கு, கட்டின கை, என்ன கேட்டாலும் 'ஹ்ம்ம்'னு ஒரு முனகல்... இவங்கதான் கிராமத்து ஆளுங்க. இவங்களை நடத்துறது மனுஷங்க இல்லை, கம்ப்யூட்டர். 2012 ஆகஸ்ட்ல வந்த அப்டேட்லதான் வியாபாரமே ஆரம்பிச்சுது. காசுக்குப் பதிலா மரகதக் கல். 2019 ஏப்ரல்ல வந்த 1.14 வெர்ஷன்ல இந்த வியாபாரத்தையே தலைகீழா மாத்தினாங்க. தலைவலியும் சுவாரஸ்யமும் அங்கேதான் ஸ்டார்ட்!

ஒரு விஷயத்தை முன்னாடியே சொல்லிடறேன். இங்கே நான் சொல்ற கணக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஆடுற ஜாவா எடிஷனுக்கு. மொபைல்ல ஆடுறவங்களுக்கு சில விஷயம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

புகார் நம்பர் 1: 'தலையைத் தலையை ஆட்டுறான்!'

க்ளிக் பண்ணா கடை திறக்காம, மாட்டேன்னு தலையாட்டுற ஆளைப் பார்த்ததும் பல பேருக்கு பிளட் பிரஷர் ஏறிடும். நிதானமா அவன் சட்டையைப் பாருங்க. பச்சை அங்கியா? விட்டுடுங்க. அவர் ஊர்ல சும்மா சுத்துறதுக்குன்னே பொறந்தவர். ஆயுசுக்கும் தொழில் கிடையாது. சின்னப் பையனா? வளரட்டும். சாதாரணப் பழுப்பு அங்கியா? அவனுக்கு இன்னும் வேலை கிடைக்கலை, அவ்வளவுதான்.

இங்கேதான் 1.14-ஓட சூட்சுமம் இருக்கு. அந்த ஊர்ல மொத்தம் 13 தொழில். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சாமான் உண்டு. உரப் பெட்டி வெச்சா விவசாயி. தறி வெச்சா ஆடு மேய்ச்சு கம்பளி விக்கிறவர். புத்தகம் வைக்கிற சாய்வு மேசை வெச்சா நூலகர். உடனே கண்ணாடி, தலையில புத்தகத் தொப்பின்னு கெட்டப்பே மாறிடும்! வேலை இல்லாத ஆள் பக்கத்துல, யாருக்கும் சொந்தமாகாத ஒரு மேசை கிடைச்சாப் போதும். நடந்து போய் அதை எடுத்துப்பான். அப்போ பச்சைப் பொறி பறக்கும். ஆக, அவனுக்குத் திறமை இல்லையா, அறிவு இல்லையான்னு யோசிக்கவே வேண்டாம். மேசை இல்லை. சிம்பிள்.

இன்னும் ரெண்டு குட்டிக் காரணமும் உண்டு. தூங்குற ஆளை எழுப்பி வியாபாரம் பேச முடியாது. அப்புறம், ஒரே உலகத்துல நாலு பேர் சேர்ந்து ஆடுறப்ப, ஒருத்தி ஒரு கடைக்காரர்கிட்ட பேசிட்டிருந்தா இன்னொருத்தி அதே ஆள்கிட்ட வாங்க முடியாது. ரேஷன் கடை க்யூ மாதிரி நிக்கணும். இது தெரியாம எங்க ஹாஸ்டல்ல ரெண்டு பேர் ஒரு வாரம் பேசாம இருந்த கதையெல்லாம் உண்டு.

புகார் நம்பர் 2: 'மேசை வெச்சேன், வேலைக்கு வரலை!'

இது கொஞ்சம் துப்பறியும் வேலை. நம்ம பொண்ணு ஒருத்தி ஆசை ஆசையா ஒரு அறை கட்டி, அதுக்குள்ளே ஒருத்தனை அடைச்சு, எதிர்ல மேசையையும் வெச்சிருப்பா. அவன் பாட்டுக்கு தேமேன்னு நிப்பான். காரணம் என்ன? வேலை தேடுற ஆளுக்கு 48 கட்டை தூரம் வரைக்கும் மேசை கண்ணுக்குத் தெரியும். வெளியே சுதந்திரமா சுத்திட்டிருக்கிற வேற ஒருத்தன் அந்த மேசையை முந்திக்கிட்டுப் பிடிச்சிருப்பான்! ஒரு மேசைக்கு ஒரு ஆள்தான். ரெண்டாவது ஆளுக்கு இடமில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்த மேசையை உடைங்க. ஊர்ல யாரோட உடுப்பு கலையுதுன்னு சுத்திப் பாருங்க. அவன்தான் திருட்டுப் புள்ளி. அவனுக்குத் தனியா ஒரு மேசை போட்டுக் கொடுத்துட்டா ரெண்டு பேரும் பிழைச்சுப்பாங்க. சில சமயம் மேசைக்கும் ஆளுக்கும் நடுவுல வழியே இருக்காது. வேலியோ பள்ளமோ குறுக்கே நிக்கும். கண்ணுக்குத் தெரியுற வேலைக்கு நடந்து போக வழி இல்லேன்னா அவன் என்ன பண்ணுவான் பாவம்!

புகார் நம்பர் 3: 'சிவப்புப் பெருக்கல் குறி!'

கடை திறந்திருக்கு, ஆனா ஒவ்வொரு சரக்கு மேலேயும் சிவப்பா ஒரு பெருக்கல் குறி. ஸ்டாக் காலி! உதாரணத்துக்கு, அம்பு செய்யறவர்கிட்ட 32 குச்சி கொடுத்தா ஒரு மரகதம் தருவார். செம லாபம்னு வரிசையா 16 தடவை கொடுத்துட்டா அந்தக் கணக்கு மூடிடும். மறுபடி திறக்கணும்னா அவர் தன்னோட மேசைகிட்ட போய் நின்னு வேலை பார்க்கணும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் இப்படி சரக்கு நிரப்ப முடியும்.

கேமோட ஒரு நாள் நமக்கு 20 நிமிஷம். அதுல இவங்க வேலை நேரம் அங்கத்து கணக்குல காலை 8 மணியிலேர்ந்து மதியம் 3 மணி வரை. நம்ம கடிகாரத்துல ஆறு நிமிஷம்கூட முழுசா இல்லை. அந்த நேரத்துல அவர் மேசையைத் தொட முடியாத இடத்துல நின்னா, ஒரு வருஷம் ஆனாலும் சரக்கு வராது. கட்டில் இருக்கா இல்லையாங்கிறது இதுக்கு முக்கியமே இல்லை. கட்டில் இல்லாமலும் கடை நடக்கும். மேசை இல்லாம நடக்காது.

புகார் நம்பர் 4: 'விலையை ஏத்திட்டான்!'

இந்தப் புகாரோட வர்றவங்ககிட்ட நான் முதல்ல கேக்குறது: "அடிச்சியா?" பாதிப் பேர் கூரையைப் பார்ப்பாங்க!

ஒரு ஆளை ஒரு தட்டு தட்டினா, அவன் மனசுல நம்மளைப் பத்தி ஒரு கசப்பு தங்கிடும். உடனே விலை ஏறும். அதோட விடமாட்டாங்க. ஆளுக்கு ஆள் சந்திக்கிறப்ப வம்பு பேசுவாங்க. நிஜமாவே ப்ரோகிராம்ல அதுக்குப் பேரு 'காஸிப்'தான்! 'இந்தப் பொண்ணு சரியில்ல'ன்னு பரவும். கொலை பண்ணா இன்னும் மோசம். ஊரே விலை ஏத்தும். காவலுக்கு இரும்பு மனுஷன் வேற உண்டு. அவன்கிட்ட மாட்டினா நம்ம கதி அவ்வளவுதான்.

நல்ல சேதி என்னன்னா, கசப்பு நாளுக்கு நாள் குறையும். சின்ன அடியோட கசப்பு சீக்கிரம் ஆறும். கொலையோடது மெதுவாத்தான். நல்ல பேரும் அதே மாதிரி பரவும். ஜோம்பி கடிச்சு ஜோம்பியாவே மாறிப்போன ஆள்மேல பலவீனம் தர்ற திரவத்தை வீசி, தங்க ஆப்பிள் ஒண்ணைக் கொடுத்தா, மூணுலேர்ந்து அஞ்சு நிமிஷத்துல மனுஷனாயிடுவான். அந்த நன்றியை அவன் மறக்கவே மாட்டான். நமக்கு மட்டும் நிரந்தரத் தள்ளுபடி! முன்னாடி சில கில்லாடிங்க ஒரே ஆளை ஜோம்பியாக்கி, குணப்படுத்தி, மறுபடி ஜோம்பியாக்கின்னு தள்ளுபடியை அடுக்கிக்கிட்டே போனாங்க. 2023 செப்டம்பர்ல வந்த 1.20.2-ல அதுக்கு ஆப்பு வெச்சாச்சு. முதல் தடவை குணப்படுத்தினா மட்டும்தான் தள்ளுபடி.

அடிக்கவே இல்லை, ஆனாலும் விலை ஏறுதா? ஒரே சரக்கை ஓயாம வாங்கினா கிராக்கி ஏறிடும். ரெண்டு நாள் அந்தக் கடைப் பக்கம் போகாம இருந்தா தன்னால இறங்கிடும். தக்காளி விலை மாதிரிதான்.

புகார் நம்பர் 5: 'எனக்கு வேற புத்தகம் வேணும்!'

ஹாஸ்டல்லயே பெரிய டிமாண்ட் 'மெண்டிங்' புத்தகத்துக்குத்தான். அதை ஏத்தின ஆயுதம் நாம சேர்க்கிற அனுபவப் புள்ளியை வெச்சு தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும். நூலகர்கிட்ட அது 10 மரகதத்திலேர்ந்து 38 வரைக்கும் எந்த விலையிலயும் வரலாம். எந்த நூலகர் எந்தப் புத்தகம் விப்பார்ங்கிறது லாட்டரி. பிடிக்கலைன்னா மேசையை உடைச்சுட்டு மறுபடி வைக்கலாம். அவர் தொழிலை இழந்து, திரும்ப எடுத்து, புதுச் சரக்கோட வருவார். முப்பது தடவை, நாப்பது தடவை உடைச்சு உடைச்சு வைக்கிற பொறுமைசாலிங்க எங்க ஃப்ளோர்லயே இருக்காங்க.

ஆனா இதுக்கு ஒரு எல்லை உண்டு. அவர்கிட்ட ஒரே ஒரு தடவை வியாபாரம் பண்ணிட்டோம்னா முடிஞ்சுது. அவர் தொழில் அவரோட ஒட்டிக்கும். இடுப்பு வில்லை கல்லு, இரும்பு, தங்கம், மரகதம், வைரம்னு அனுபவத்துக்கு ஏத்த மாதிரி மாறும். அதுக்கப்புறம் மேசையை உடைச்சாலும் உடுப்பு கலையாது. வில்லை போகாது. வேற தொழிலுக்கும் போகமாட்டார். கையில மிச்சம் இருக்கிற சரக்கு தீர்ற வரைக்கும் விப்பார். அப்புறம் எல்லாத்து மேலேயும் சிவப்புப் பெருக்கல் குறி. அதே தொழிலுக்கான இன்னொரு மேசை கிடைக்கிற வரைக்கும் அப்படியே நிப்பார்.

வைர வில்லை போட்ட ஒருத்தர், சும்மா நிப்பார். இதை முதல் தடவை கவனிச்சப்ப எனக்கு கேம் மறந்துபோச்சு. எங்க அப்பா ஞாபகம்தான் வந்துச்சு.

அப்பாவோட மேசை

அப்பா டெய்லர். எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கடையில 22 வருஷம். ஜாக்கெட், சுடிதார், ஜூன் மாசம் வந்தா ஸ்கூல் யூனிஃபார்ம். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கட்டடத்தை இடிச்சுப் புதுசா கட்டப்போறோம்னு ஓனர் சொல்லிட்டார். ஒரு மாசம் டைம். அட்வான்ஸ்ல பாதிதான் கைக்கு வந்துச்சு. மெஷின் வீட்டுக்கு வந்துச்சு. மேலே பழைய பெட்ஷீட் ஒண்ணைப் போட்டு மூடினார் அப்பா.

எங்க வீடு ஒரு சந்துக்குள்ள சந்து. மாடி வேற. பழைய கஸ்டமர்ல பாதிப் பேருக்கு அப்பா எங்கே போனார்னே தெரியாது. தெரிஞ்சவங்களுக்கும் முழங்கால் வலியோட அந்தப் படி ஏறி வர முடியாது. கையில இருந்த துணியெல்லாம் தைச்சுக் கொடுத்து முடிச்சார். அதுக்கப்புறம் எட்டு மாசம் மெஷின் ஓடவே இல்லை.

சொந்தக்காரங்க சும்மா இருப்பாங்களா? "இப்ப யாருங்க துணி எடுத்துத் தைக்கிறா, எல்லாம் ரெடிமேட்தான்." "பேசாம வாட்ச்மேன் வேலைக்குப் போகலாம்ல?" "மனுஷனுக்குக் கொஞ்சமாவது சுறுசுறுப்பு வேணும்." ஆளாளுக்கு அட்வைஸ். அப்பா எதுக்கும் பதில் சொல்ல மாட்டார். கத்தரிக்கு மட்டும் வாரம் ஒரு தடவை எண்ணெய் போட்டு வைப்பார்.

செமஸ்டர் லீவுல ஒருநாள் நான் லேப்டாப்ல ஆடிட்டிருந்தேன். பக்கத்துல வந்து உக்காந்தார். திரையில என் நூலகர், வைர வில்லையோட, சுத்திலும் சிவப்புப் பெருக்கல் குறி. எங்க ஹாஸ்டல் பொண்ணு ஒருத்தி தன்னோட அலமாரி வரிசைக்காக அவர் மேசையைக் கழட்டி எடுத்திருந்தா.

"இவர் ஏன்மா எதுவும் விக்க மாட்டேங்கிறாரு?"ன்னு கேட்டார். சரக்கு தீர்ந்துபோச்சுப்பா, நிரப்ப முடியலைன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இவரு மேசை எங்க பாப்பா?"

மூணு வருஷமா ஜூனியர்ஸுக்கு நான் மணிக்கணக்கா எடுக்கிற கிளாஸ், அப்பாவோட அந்த ஒரு வரியில முடிஞ்சுபோச்சு. எனக்குத் தொண்டையை அடைச்சுது. ஏன்னா அந்தக் கேள்வியை அப்பாவைப் பத்தி எங்க சொந்தத்துல ஒருத்தர்கூடக் கேக்கலை. எல்லாரும் அவர் சட்டையை மாத்தத்தான் பார்த்தாங்க.

மறுநாள் நானும் அம்மாவும் கிளம்பினோம். வேண்டியது பெரிய கடை இல்லை. மெஷின் போட ஒரு இடம், வெளிச்சம், தெருவிலேர்ந்து பார்த்தா ஆள் தெரியணும், படி ஏற வேண்டியிருக்கக் கூடாது. பதினோரு நாள் அலைஞ்சோம். மார்க்கெட் ரோட்டுல ஒரு மளிகைக் கடை. அதோட முன் திண்ணையில பாதியைத் தர ஒத்துக்கிட்டார் கடைக்கார அண்ணாச்சி. மாசம் 1,500 ரூபாய், கரன்ட் தனி. லோடு ஆட்டோவுல மெஷினை ஏத்தினோம். பழைய கடை இருந்த இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில புது அட்ரஸை எழுதி ஒட்டினேன். அம்மாகிட்ட இருந்த கஸ்டமர் நம்பருக்கெல்லாம் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினோம்.

முதல் நாள் ஒரே ஒரு ஃபால்ஸ்தான் வந்துச்சு. நாலாவது நாள் ஏழு ஜாக்கெட். 'மந்திரம் போட்ட மாதிரி எல்லாம் சரியாயிடுச்சு'ன்னு எழுத ஆசைதான். ஆனா நிஜம் அப்படி இல்லை. பழைய வருமானத்துல முக்கால்வாசிதான் இப்ப வருது. போன கஸ்டமர்ல பல பேர் வேற டெய்லரைப் பிடிச்சுட்டாங்க. மழை வந்தா மெஷினை உள்ளே இழுக்கணும். ஆனா மெஷின் ஓடுது. பெட்ஷீட்டைத் துவைச்சுக் கட்டில்ல விரிச்சாச்சு.

அடைச்சு வைக்கலாமா?

இதைக் கேட்டதும் எங்க ஹாஸ்டல்ல ஒரு பட்டிமன்றமே நடந்துச்சு. இந்த கேமை நல்லா ஆடுறவங்க எல்லாரும் செய்யற ஒரு வேலை இருக்கு. ஒவ்வொரு ஆளையும் ஒரே ஒரு கட்டை அகல அறையில அடைச்சு, முன்னாடி மேசையைப் போட்டு, வரிசையா இருபது பேரை நிக்க வைக்கிறது. ஓட மாட்டான், ஜோம்பி கடிக்காது, சரக்கும் ஒழுங்கா வரும். நார்மல் லெவல்ல ஜோம்பி கொன்னா பாதிக்குப் பாதி, ஹார்டு லெவல்ல எல்லாருமே ஜோம்பியா மாறிடுவாங்க. அதனால பாதுகாப்புக்கு இது நல்ல வழிதான். கணக்கு சரி.

"உனக்குத்தான் அப்பா ஞாபகம் வருதே, அப்ப நீ அடைப்பியா?"ன்னு ஒரு ஜூனியர் மடக்கினா. அது ப்ரோகிராம், அதுக்கு வலிக்காது, யார் எப்படி ஆடினாலும் எனக்குப் பிரச்னை இல்லை. ஆனா என் உலகத்துல சுத்தி மதில், நிறைய விளக்கு, ஆளுக்கு ஒரு மேசை, அதுக்கு நடந்து போக வழி. அவ்வளவுதான் என் ஏற்பாடு. சரக்கு கொஞ்சம் லேட்டா வரும். சில சமயம் ஆளைத் தேடி ஊர் முழுக்க அலையணும். பரவாயில்லைன்னு இருக்கு எனக்கு.

வி.ஏ.ஓ.வோட அஞ்சு கேள்வி

வியாபாரம் மக்கர் பண்ணா, இந்த வரிசையில கேட்டுப் பாருங்க. 90-க்கு மேல புகார் பார்த்த அனுபவத்துல சொல்றேன், வரிசை மாறக்கூடாது.

ஒண்ணு, அவருக்கு மேசை இருக்கா, இல்லை வேற யாராவது எடுத்துக்கிட்டாங்களா? ரெண்டு, அதுகிட்ட நடந்து போக வழி இருக்கா? மூணு, இது அவர் வேலை பார்க்கிற நேரம்தானா? நாலு, நாம அவரை ஏதாவது பண்ணிட்டோமா, இல்லை ஒரே சரக்கைக் கேட்டு நச்சரிக்கிறோமா? இது நாலும் சரியா இருந்தாத்தான் அஞ்சாவது கேள்வி: ஆள்மேல தப்பா? பச்சை அங்கிக்காரங்களைத் தவிர, அஞ்சாவது கேள்வி வரைக்கும் போன கேஸ் இதுவரை என்கிட்ட வரலை.

நம்ம வீட்டுலயோ தெருவிலயோ, தொழில் தெரிஞ்சும் சும்மா நிக்கிற ஒருத்தர் கட்டாயம் இருப்பார். கடை போன பெரியப்பாவா இருக்கலாம், கல்யாணத்துக்கு முன்னாடி டைப்ரைட்டிங் சென்டர் நடத்தின அத்தையா இருக்கலாம். எல்லாரும் அவங்ககிட்ட அஞ்சாவது கேள்வியைத்தான் முதல்ல கேட்டிருப்பாங்க. நீங்க முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்களேன்!